கேற்றடி வரைக்கும்

"இஞ்சாருங்கோ, பயப்பிடாதேங்கோ. மூச்சை நல்லா இழுத்து விடுங்கோ," என்றாள் சுதாஜினி.

தர்சனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. இதய ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்தபின், வாசல் கேற்றடி வரைக்கும் நடக்கலாம் என்று டொக்டர் சொன்ன முதல் நாள் இது. கணவனும் மனைவியும் கைகோர்த்தபடி படியிறங்கினார்கள். அவனுடைய கால்கள் நடுங்கின.

"கொஞ்சம் இருந்திட்டுப் போவமே?" என்றான்.

"வேண்டாம், கிட்ட வந்திட்டம். வாங்கோ!"

கேற்றைத் தொட்டதும் இருவரும் சந்தோசத்தில் கத்தியேவிட்டார்கள்.

பூவரசங்குளம் றோட்டால் வந்த பத்மாசனி அக்கா சைக்கிளை நிறுத்தினாள். "இந்த வீட்டில ஆருக்கோ ஒப்பரேசன் எண்டு கேள்விப்பட்டனான். தம்பிக்கோ? நல்லாத்தான் நடக்கிறார்!"

சுதாஜினி தன் நெஞ்சோடு அணைத்திருந்த சின்னத் தலையணையை இன்னும் இறுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அக்கா, ஒப்பரேசன் எனக்கு! நெஞ்சுத் தையல் நோகாமல் இருக்கத்தான் இந்தத் தலையணை. நான் விழுந்திடுவன் எண்டு இவர்தான் நடுங்கிறார்."

தர்சன் வெட்கப்படவில்லை. அவளுடைய சிரிப்பையே கேட்டுக்கொண்டு நின்றான். போன வருடம் முழுக்க, பாதிச் சிரிப்பிலேயே அவளுக்கு மூச்சு வாங்கிவிடும்.

இன்று அவள் முழுதாகச் சிரித்து முடித்தாள். முடித்துவிட்டு, இன்னொரு தடவையும் சிரித்தாள்.