பச்சை எரியாத கேட்

பேட்டரி மாற்றப் போனைக் கொடுப்பதற்குமுன் செய்யவேண்டியதை எல்லாம் பூங்கோதை செய்திருந்தாள். உள்ளிருந்ததை நகலெடுத்தாள், பூட்டை நீக்கினாள், உறையைக் கழற்றினாள். போனில்லாமல் வீடு திறக்காது என்று கதவிடுக்கில் அம்மிக்குழவியைக்கூட வைத்தாள். கடையில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தபோதுதான் விட்டுப்போனது எதுவென்று தெரிந்தது.

பெற்றோரின் போனை வைத்து ஆளை அடையாளம் காணும் கம்பிக் கேட் திறக்கவில்லை. உள்ளே மகள் மகிழ்மதி தன் வாட்சில் எரிந்த சிவப்பைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள்.

"அம்மா வந்தா பச்சை எரியும். இப்ப எரியலையே. நீங்க யாரு?"

அந்த 'நீங்க' சுருக்கென்று தைத்தது. பூங்கோதை நகரவில்லை.

"யாராவோ இருந்துட்டுப் போறேன். ரிப்பன் அவுந்து தொங்குது, திரும்பி நில்லு."

கம்பிகளுக்கு நடுவே கைகளை நுழைத்து, காலையில் கட்டியதுபோலவே இழுத்து முடிந்தாள். வாட்சில் சிவப்பு மாறவில்லை.

"மெதுவா இறுக்கும்மா, வலிக்குது!" என்றாள் மகிழ்மதி.