மூடி வைத்த கோப்பை

ஸ்பெயினில், செவில் நகரத்தின் அந்தப் பழைய மதுக்கடையில் யாரும் உட்காருவதில்லை. தேய்ந்துபோன மரக் கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றி, நின்றபடியே குடிக்கிறார்கள். நிரஞ்சனா தன் அம்மாவுக்குத் திராட்சைச் சாறு கேட்டாள். கடைக்காரர் கோப்பையை வைத்து, அதன் வாயை ஒரு சின்னத் தட்டால் மூடினார். தட்டில் கொஞ்சம் ஆலிவ், ஒரு துண்டு ரொட்டி. அம்மா தொடவில்லை.

"குடிம்மா. ஈ விழாம இருக்க இப்படி மூடித் தர்றது இந்த ஊர் வழக்கம்."

"யாருக்கோ எடுத்து வெச்சிருக்காங்கடி. எனக்கு வேற சொல்லு."

வீட்டில் மூடி வைத்த டம்ளர் என்றால், அது இன்னும் வராதவருடையது. ஒருநாள் சொல்லாமல் கிளம்பிப் போன அப்பாவுக்காக அம்மா தினமும் சாயங்காலம் காபியை மூடி வைக்கிறாள், விடிந்ததும் கொட்டுகிறாள். அதை மறக்கடிக்கத்தான் நிரஞ்சனா அவளை இவ்வளவு தூரம் அழைத்து வந்திருந்தாள்.

அம்மா கோப்பையைத் தன் பக்கத்திலிருந்த காலி இடத்துக்கு மெல்ல நகர்த்தி வைத்தாள். கடையில் கூட்டம் கூடிக்கொண்டிருந்தது. தொப்பி போட்ட ஒருவர் வந்து, அங்கே நிற்கலாமா என்று கேட்டார்.

நிரஞ்சனா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டே அவர் மொழியில் சொன்னாள்:

"இல்லைங்க, இங்க ஆள் வருது."