படத்தில் இல்லாத வில்ஃப்

"எங்கப்பா எங்கே?"

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் எழுந்து கேட்டவள் ஜனீன். வில்ஃபின் மகள்.

எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் கிளப்பில் அன்று நிற்கக்கூட இடமில்லை. எண்பத்து நாலாம் வருஷ வேலைநிறுத்தத்தைப் படமாக்கிய ஃபிலிப்பா ரென்ஷா, டி.வி.க்குப் போகும் முன்பு எங்களுக்குக் காட்ட லண்டனிலிருந்து வந்திருந்தாள்.

"அப்பா மூணு நாள் உங்க கேமரா முன்னால பேசினார். படம் வரட்டும், வரட்டும்னு காத்திருந்தே கண்ணை மூடினார். அவர் முகத்தை ஒரு தடவைகூட காட்டலையே!"

"படம் நீளமாயிடுச்சு ஜனீன். மன்னிச்சுடுங்க."

"நீளமா? எங்களை நசுக்கின மேனேஜர் மட்டும் கால் மணி நேரம் பேசறானே!" என்று நான் கத்தினேன். வில்ஃப் எங்கள் சங்கத்தலைவர். அவர் இல்லாமல் எங்கள் போராட்டமா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அந்த வேலைநிறுத்தத்துல நம்ம பசங்க பேரைப் போலீசுக்குச் சொல்லிக் கொடுத்தது யாருன்னு கண்டுபிடிக்கத்தானே வந்தே?" என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர். "பத்து புத்தகம் எழுதின மகராசி, அதையும் கோட்டை விட்டுட்டியே!"

"லண்டன்காரிக்கு நம்ம கதை வியாபாரம்டா!"

மேஜையில் அடுக்கியிருந்த அவளுடைய புதுப் புத்தகத்தை ஒருத்தரும் தொடவில்லை. ஒருவன் பீர் கோப்பையை அதன்மேல் வைத்தான். அவள் அதையும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதது என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

அவள் வெளியேறியதும் ஜனீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடாதீங்க லெஸ் அங்கிள். நிஜமான காரணத்தைக் கேட்டுட்டு வாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பதென்று போனேன்.

எனக்கு முன்பே வில்ஃபின் மனைவி டோரீன் அவள் கார் பக்கத்தில் நின்றிருந்தாள். நன்றாகத் திட்டட்டும் என்று ஒரு வேனுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"இவ்வளவு ஏச்சையும் வாங்கிக்கிட்டியேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாரும் வாயை மூடியிருப்பாங்களே!" என்றாள் டோரீன்.

"சட்டையில மைக் இருக்கறதை மறந்துட்டு, சமையலறையில உங்ககிட்ட சொல்லி அழுதாரே... எல்லாம் என் ஹெட்போன்ல விழுந்துச்சு. அதுக்கப்புறம், கேமரா முன்னால அவர் சொன்ன பொய்யைப் போட மனசு வரல. அந்த நிஜத்தைப் போடவும் மனசு வரல."

"அவர் போலீஸ்கிட்ட பேர் சொல்லிக் கொடுத்ததுல அஞ்சு பசங்க ஜெயிலுக்குப் போனாங்கம்மா. ஜனீனுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டா. அப்பான்னா அவளுக்கு உசிரு."

அந்த ஐந்து பேரில் நானும் ஒருவன். ஜெயிலிலிருந்து வெளியே வந்தபோது வேலை போயிருந்தது. கட்டிக்கொள்ள இருந்த பெண்ணும் போயிருந்தாள். உள்ளே ஓடி, மைக்கைப் பிடித்து ஊருக்கே கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது.

வாசலிலேயே ஜனீன் வழிமறித்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"கேட்டீங்களா அங்கிள்? என்ன சொன்னா?"

அவள் தோளில் கை வைத்தேன்.

"கேட்டேம்மா. அந்த மூணு நாளும் மைக் சரியா வேலை செய்யலையாம். அப்பா பேசினது எதுவுமே பதிவாகலையாம்."