மிதித்தால் போதும்

காப்பிக் குவளையோடு கொட்டகைக்குள் நுழைந்தபோது, என் வீட்டுக்காரர் காரின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த அதன்மேல் காதை வைத்துக்கொண்டிருந்தார். 

அது என்றால் மோட்டார். பூசணிக்காய் அளவுதான் இருக்கும். பனியில் நின்று கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி எஞ்சினைக் கிளப்பாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே காலால் ஒரு கட்டையை மிதித்துக் கிளப்புவதற்கு.

டேட்டன் ஊரில் எல்லார் வீட்டுக்காரரும் சாயங்காலம் வீடு திரும்புவார்கள். என் எல்மர் மட்டும் இந்தச் சக்களத்தியே கதி என்று கிடந்தார்.

போன வாரம் நாலைந்து தடவை கிளப்பியதும் இவள் சூடேறி, உள்ளே சுற்றியிருந்த கம்பி கருகிவிட்டது. மனுஷன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. வைத்த பன்றிக்கறி தட்டிலேயே ஆறிப்போயிற்று. நான் ஜுரத்தில் கிடந்தபோது நன்றாகத்தான் சாப்பிட்டார்.

"அண்ணி, நல்ல நேரத்துல வந்தீங்க. ஏறி உட்காருங்க," என்றான் அவருடைய கூட்டாளி லூத்தர். "பொம்பளையாலயும் கிளப்ப முடியணுமாம். கார் கம்பெனிக்காரன் நாளைக்குப் பார்க்க வர்றான்."

ஏறினேன். இன்னொரு தடவை கருகித் தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஏறினேன்.

"பதமா மிதிம்மா," என்றார் எல்மர். "பாவம், புதுக் கம்பி."

அதற்குப் பாவமாம்! ஓங்கி மிதித்தேன்.

எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. லூத்தர் தொப்பியைத் தூக்கி எறிந்தான். எல்மர் மூடியைச் சாத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை.

சோதனை நாட்களில் பின்சக்கரங்களை முட்டுக்கொடுத்துத் தூக்கி வைத்திருப்பார்கள். மறுநாள் காட்டுவதற்காக அன்றைக்குத்தான் வண்டியைத் தரையில் இறக்கியிருந்தார்கள். எனக்கு ஓட்டத் தெரியும் என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது. கைப்பிடி சுற்றத்தான் எனக்குத் தெம்பு கிடையாது.

கியரைத் தள்ளினேன். திறந்திருந்த கதவு வழியாக வண்டி சாலைக்கு வந்துவிட்டது. ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு கட்டிவிட்டேன்.

"ஹெட்டி! ஏய், ஹெட்டி! நில்லு!"

திரும்பிப் பார்த்தேன். எல்மர் ஓடிவந்துகொண்டிருந்தார். கோட்டு இல்லை, தொப்பி இல்லை. பனியில் வழுக்கி விழுந்தார். எழுந்து, முழங்காலைக்கூடத் தட்டிக்கொள்ளாமல் மறுபடி ஓடிவந்தார்.

கல்யாணமான புதிதில்கூட இந்த மனுஷன் என் பின்னால் இப்படி ஓடியதில்லை. இத்தனை நாள் எரிந்த வயிறு குளிர்ந்துபோயிற்று. போனால் போகட்டும், மோட்டார் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட நினைத்தேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அவசர அவசரமாகத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். என்னைத் தாண்டிப் போனார். மூடியைத் தூக்கி, மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"காலையிலேருந்து எத்தனை தடவை! சுடவே இல்லடி!" என்றார். "இன்னொரு தடவை மிதி, பார்க்கலாம்."

மூடியைச் சாத்தச் சொன்னேன். கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன். சொன்னபடி நின்றார், வாயெல்லாம் பல்லாக.

மிதித்தேன். ஒரே மிதியில் கிளம்பியது. அக்கா வீட்டு வாசல்வரை நான் எங்கேயும் நிறுத்தவில்லை.