அம்மாக்களுக்கு மட்டும்

"இதை நிரப்பினது யாரு?"

நர்ஸ் படிவத்தை மேசையில் பட்டென்று வைத்தாள். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் அம்மாக்களிடம் மனநிலை பற்றிப் பத்துக் கேள்வி கேட்கும் படிவம் அது.

"இவர்தான். என் கையில பாப்பா இருந்துச்சு," என்று பக்கத்தில் நின்ற கணவனைக் காட்டினாள் இளம் அம்மா, பல்லெல்லாம் தெரிய. ஒன்றரை மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு இப்படிச் சிரிக்கிறவளை நர்ஸ் பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

படிவம் வேறு கதை சொன்னது. தூக்கம் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. குழந்தை அழுதால் கை நடுங்குகிறது.

நர்ஸுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏன் சார், நல்லா இருக்கற பொண்டாட்டியை நோயாளி ஆக்கப் பாக்குறீங்களா? எழுதறதுக்கு முன்னாடி அவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவன் படிவத்தை எடுக்கக் கை நீட்டினான்.

மனைவி முந்திக்கொண்டு அதைப் பிடுங்கிக் கண்ணை ஓட்டினாள். "ஐயே, நான் எங்க அழுதேன்?" என்றவள், கடைசியில் அவன் கிறுக்கியிருந்த வரியை உரக்கப் படித்தாள். "'தினமும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன்.'"

சிரிப்பு நின்றுபோனது.

"ஏங்க... இது நீங்களா? தண்ணி வீணாகுதுன்னு தினமும் கதவைத் தட்டிக் கத்தினேனே! சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீ சந்தோஷமா இருந்தே. அதை ஏன் கெடுக்கணும்னுதான்..." அவன் படிவத்தின் தலைப்பைத் தொட்டுக் காட்டினான். "அப்பாவுக்குன்னு தனித் தாள் இருக்கான்னு தேடினேன். இல்ல. இதுல கேள்வியெல்லாம் எனக்குன்னே கேட்ட மாதிரி இருந்துச்சு."

"அசட்டு மனுஷா!" அவள் அழுதுகொண்டே சிரித்து அவனைக் கட்டிக்கொண்டாள். நடுவில் நசுங்கிய குழந்தை வீலென்று கத்தியது. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பக்கத்து ரூம்லதான் டாக்டர் இருக்காரு. இப்பவே பாத்துடலாம். இது சரியாப் போற விஷயம் சார்," என்று நர்ஸே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். மனசு நிறைந்திருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறுத்தியது. பதினோரு வருடமாக ஊரிலுள்ள அம்மாக்களையெல்லாம் கேட்கிறவள் அவள். சட்டென்று வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, நம்ம பொண்ணு பொறந்தப்போ நீங்க நல்லா இருந்தீங்களா?"

"அவளுக்கு ஒன்பது வயசு முடிஞ்சாச்சு," என்று சிரித்தார் கணவர். "இப்பவாவது கேட்டியே, மகராசி!"