அழிக்காமல் விட்ட ஒன்று

அவள் அழித்துக்கொண்டே இருந்தாள்.

சேலைத் தள்ளுபடி. வீட்டுமனை. கேட்காத கடன். மறுபடியும் சேலை.

மின்னஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது. இனிப் புதிதாக எதுவும் வர வேண்டுமானால் மாதாமாதம் பணம் கட்டி இடம் வாங்க வேண்டும். கட்டிவிடலாம் என்றான் கணவன் நவநீதன்.

"நாம எதுக்குங்க கட்டோணும்? குப்பையக் கொட்டுனவன்ல கட்டோணும்!"

அந்தக் கோபத்தில்தான் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தாள். மொத்தமாக அழித்திருக்கலாம். மகனின் பள்ளிக்கூடக் கடிதங்களும் அதற்குள்தான் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது.

நாலு மணி வாக்கில் பழைய கடிதம் ஒன்று கண்ணில் பட்டது.

'உங்களுக்கு ஒரு பொருத்தம் கிடைத்திருக்கிறது.'

கல்யாண விளம்பரம். நவநீதனைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள்.

அழிக்கப் போன விரல் நின்றது.

கீழே அவள் படித்த கல்லூரியின் பெயர்.

பதினோரு வருடத்துக்கு முன் அங்கே நடந்த முகாமில் கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுத்தார்கள். ரத்தப் புற்றுநோய் வந்த யாருக்காவது ஒத்துப்போனால் ரத்த ஸ்டெம் செல் கொடுக்கக் கூப்பிடுவோம் என்றார்கள். அவள் மறந்தே போயிருந்தாள். அன்று கொடுத்த கைபேசி எண்ணும் இப்போது இல்லை.

கடிதம் வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

அதிலிருந்த எண்ணை அழைத்தாள். "ரொம்ப லேட் பண்ணிட்டனுங்களா?"

எதிர்முனையில் ஒரு பெண் நீளமாக மூச்சு விட்டாள். "இல்லைங்க மேடம். ஒன்பது வயசுக் குழந்தை. உங்களத்தான் தேடிட்டிருக்கோம்."

"காத்திருந்ததுக்கு நன்றிங்க" என்றாள் இவள். எப்போது வர வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

பரிசோதனைகள். ஐந்து நாள் ஊசி. பிறகு ஒரு காலை, ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுக்க இரண்டு கையிலும் குழாயோடு ஐந்து மணி நேரம் அசையாமல் படுத்திருந்தாள். இளநீரை நவநீதன்தான் புகட்டினான்.

யாருக்கு என்று சொல்ல மாட்டார்கள். விதி அப்படி.

அடுத்த வருடம், அந்த மின்னஞ்சலை அனுப்பிய அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு தாள். பெயர் இல்லை. ஊர் இல்லை. கோணல் எழுத்தில் ஒரு வரி.

'அக்கா, முடி நல்லா வளந்திருச்சு, இன்னிக்கு ரெட்டைச் சடை.'

அன்று சாயங்காலம் வழக்கமான ஒரு முழம் மல்லிகையோடு இன்னொரு முழமும் கேட்டாள்.

"ஆருக்குக் கண்ணு?" என்றாள் பூக்காரம்மா.

"சொந்தக்காரப் புள்ளைக்குங்க."