சொந்தப் பெயர் சொல்லக் கூடாது

"ஜாமீன்ல வந்து ஓடிப்போறவங்களைத் தேடிப் பிடிச்சுக் குடுத்துக் காசு வாங்குறவன். அதான் என் வேஷம்," என்றான் புதிதாக வந்த டேரல்.

ரூத்தின் கையிலிருந்த பகடை நழுவி மேஜைக்கடியில் உருண்டது.

டெக்சஸில் ஜாமீனில் வெளியே வந்தவள் அவள். வழக்கு விசாரணைக்கு முந்தின நாள் பஸ் ஏறி, இந்த ஓஹாயோ ஊருக்கு ஓடி வந்து ஏழு மாதம்.

வெண்டலின் காமிக்ஸ் கடைப் பின்னறையில், சனிக்கிழமை மதியம் ஆளுக்கொரு கற்பனை வேஷத்தில் கதை பேசி, பகடை உருட்டி ஆடும் இந்த ஆட்டம்தான் அவள் பயமில்லாமல் மூச்சு விடும் நேரம்.

இன்று மூச்சு வரவில்லை. டேரலின் நாற்காலி கதவை அடைத்தாற்போல் கிடந்தது.

"அந்த வேஷம் வேணாமே," என்றாள். "நாகரிகமான ஊருன்னா கோர்ட் இருக்கும், போலீஸ் இருக்கும். காசுக்கு ஆள் பிடிக்கிறவனுக்கு அங்க என்ன வேலை?"

"ராட்சசன் வரலாம், காட்டேரி வரலாம், இவன் மட்டும் ஆகாதா?" கதை நடத்தும் வெண்டல் சிரித்தார். டேரலிடம் திரும்பினார். "இங்க ஒரே ஒரு ரூல்தான். மேஜையில வேஷத்தோட பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். யார் சொந்தப் பேரைச் சொல்றாங்களோ, அவங்கதான் எல்லாருக்கும் பீட்சா வாங்கித் தரணும். நான் மந்திரவாதி. இது எங்க திருடி, ஒடெட்."

"ஒடெட்." டேரல் அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "யாரு வெச்சது?"

"சும்மா... தோணுச்சு."

அவன் குனிந்தான். மேஜைக்கடியிலிருந்து பகடையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

கையை விடவில்லை.

வெண்டல் அடுத்த காட்சிக்கான வரைபடத்தை விரித்துக்கொண்டிருந்தார்.

"பீட்சா நீதான் வாங்கணும், ஒடெட்," என்றான் டேரல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

ரூத் என்பது ஓடி வந்தபின் அவளே வைத்துக்கொண்டது. ஒடெட்தான் அம்மா வைத்த பெயர். வாரத்தில் ஒரு நாளாவது யாராவது அப்படிக் கூப்பிடட்டும் என்று, அவள்தான் அதைத் திருடிக்கு வைத்திருந்தாள்.